அல்ஜீரியப் போர் 1954–62: எவியானில் எழுதாமல் விட்டவைதான் இன்றும் நிற்கின்றனவா?

ஆவணப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த எவியான் ஒப்பந்தம் 1962 மார்ச் 18இல் கையெழுத்தானது. அல்ஜீரிய விடுதலை முன்னணிக்காக கிரிம் பெல்காசெம், பிரான்சுக்காக லூயி ஜோக்ஸ் உட்பட மூவர். மறுநாள் நண்பகல் போர்நிறுத்தம். ஒரு தாளில் இடப்பக்கம் ஷரத்துகளையும் வலப்பக்கம் அவை நின்ற காலத்தையும் எழுதிப் பார்த்தேன்.

ஐரோப்பியக் குடியேறிகள் மூன்று வருடம் இரு நாட்டு உரிமைகளோடும் இருக்கலாம், பிறகு எந்தக் குடியுரிமை என்று முடிவு செய்யலாம் என்றது ஒப்பந்தம். சுமார் 10 லட்சம் பேரில் பெரும்பாலோர் 1962 முடிவதற்குள்ளேயே கப்பல் ஏறிவிட்டார்கள். மெர்ஸ்-எல்-கெபீர் கடற்படைத் தளம் 15 வருடக் குத்தகை. 1968 தொடக்கத்தில் பிரான்சே காலி செய்தது. சகாராவின் எண்ணெய் உரிமைகளுக்குத் தனி அறிக்கையே இணைக்கப்பட்டிருந்தது. 1971 பிப்ரவரி 24இல் அன்றைய அல்ஜீரிய ஆட்சித்தலைவர் பூமெதியென் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்களின் 51 விழுக்காட்டை அரசுடைமையாக்கினார். நியாயமான இழப்பீடு இல்லாமல் யார் சொத்தையும் எடுக்கக் கூடாது என்ற ஷரத்து ஒரு வருடம்கூட நிற்கவில்லை. குடியேறிகளுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை 1970 ஜூலை 15இல் பிரான்ஸ்தான் தன் கருவூலத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

சொன்னபடி நடந்தது ஒன்று: சகாராவின் பிரெஞ்சு அணுச் சோதனைத் தளங்கள் ஐந்து வருடம். 1967 வரை வைத்திருந்து ஒப்படைத்தார்கள்.

என் கருத்து இது: காகிதத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி பத்து வருடத்துக்குள் உதிர்ந்துவிட்டது. இன்றும் அல்ஜீரியர்களின் அன்றாடத்தில் கிடக்கும் விளைவுகள், அதாவது கண்ணிவெடி, அணுக்கழிவு, பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற அல்ஜீரியர்களான ஹர்கிகளின் குடியுரிமை, நிலத்தின் உரிமைப் பத்திரம், ராணுவத்தின் மேலாண்மை ஆகிய எதுவும் அந்த ஒப்பந்தத்தில் ஒழுங்காகக் கையாளப்படவில்லை. மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள். இறந்தோர் எண்ணிக்கை பற்றிய சண்டை இங்கே வேண்டாம். அல்ஜீரிய அரசு 15 லட்சம் என்கிறது, வரலாற்றாய்வாளர் பலர் அதைவிட மிகக் குறைவாகக் கணக்கிடுகிறார்கள். அதற்குத் தனி இழையே தேவை.

---

முள்வேலி

கண்ணிவெடியிலிருந்து தொடங்குகிறேன்.

துனிசியாவிலிருந்து ஆளும் ஆயுதமும் உள்ளே வராமல் தடுக்க 1957இல் மோரிஸ் கோடு கட்டப்பட்டது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஆந்த்ரே மோரிஸின் பெயர் அது. நடுவில் சுமார் 5,000 வோல்ட் மின்சாரம் பாயும் வேலி, இரு பக்கமும் முள்கம்பி, கம்பிகளுக்கு இடையில் வரிசை வரிசையாகக் கண்ணிவெடி, ஒட்டியே ரோந்துப் பாதை. கம்பியை எங்கே வெட்டினாலும் கட்டுப்பாட்டு நிலையத்தில் இடம் தெரிந்துவிடும்; பீரங்கி அந்த இடத்துக்குத் திரும்பும். 1959இல் அதற்குத் துணையாக, பிரெஞ்சுத் தளபதி ஷாலின் பெயரில் ஷால் கோடு. மொராக்கோ பக்கமும் இதே ஏற்பாடு. கிழக்கே எல் தாரிஃப், சூக் அஹ்ராஸ், கெல்மா, தெபெஸ்ஸா. மேற்கே திலெம்சென், நாமா, பெஷார் ஆகிய மாகாணங்கள் இதில் சிக்கின.

புதைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று மிதித்தால் வெடிப்பது: உள்ளங்கைக்குள் அடங்கும், உடல் பிளாஸ்டிக், உலோகம் மிகக் குறைவு. இன்னொன்று இடறுகம்பியில் கால் பட்டால் நிலத்திலிருந்து எழும்பி, இடுப்புயரத்தில் வெடித்து இரும்புச் சில்லுகளை வீசுவது. இரண்டாவதில் இரும்பு இருப்பதால் உலோகம் காட்டும் கருவி ஓரளவு உதவும். முதலாவதுதான் தலைவலி. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஐம்பது வருடம் கழித்தும் வேலை செய்யும், கருவியிலும் பிடிபடாது. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் பழைய வேலியின் ஆணி, கம்பித்துண்டு, தோட்டா உறை எல்லாவற்றுக்கும் கத்தும்.

அதனால் கடைசியில் கைவேலைதான். புதரை அடியோடு வெட்டாமல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்க வேண்டும். ஒரு ஆள் அகலத்துக்கு நாடா கட்டிப் பாதை குறிக்க வேண்டும். குத்தூசியைச் செங்குத்தாக இறக்கக் கூடாது. சாய்வாக, சுமார் 30 பாகையில், சில சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திக்கொண்டே போக வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் மேலிருக்கும் அழுத்தத் தட்டிலேயே முனை போய் நிற்கும். சாய்வாகக் குத்தினால் பக்கச்சுவரைத் தொடும். தட்டுப்பட்டால் பக்கத்திலிருந்து மண்ணை விலக்கி, தூக்காமல், அங்கேயே வெடிக்க வைப்பதுதான் பாதுகாப்பு.

எங்கே தவறும்? புதைத்தபோது வரிசை நேராக இருந்திருக்கும். கிழக்கு மாகாணங்கள் மலைச்சரிவு, கார்க் ஓக் மரக்காடு; மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும்போது வெடியும் கூடவே உருண்டு ஓடைப்படுகையில் ஒதுங்கும். மேற்கே மணல் நகரும். நேற்று ஒரு சாண் ஆழத்தில் இருந்தது இன்று ஒரு ஆள் ஆழத்தில். ஆழத்தில் இருக்கும்போது மிதித்தால் வெடிக்காது, கருவிக்கும் எட்டாது. காற்று திரும்பினால் மறுபடி மேலே வரும். ஆகவே வரைபடம் கையில் இருந்தாலும் வரிசைக்கு வெளியே எவ்வளவு தூரம் தேடுவது என்பதைத் தனியாக முடிவு செய்தாக வேண்டும்.

1963 முதல் 1988 வரை அல்ஜீரிய ராணுவம், தொடக்கத்தில் சோவியத் பொறியாளர்களின் உதவியோடு, சுமார் 78 லட்சம் கண்ணிவெடிகளை அழித்தது. பிறகு நீண்ட இடைவெளி. 2004 நவம்பரில் இரண்டாம் கட்டம் தொடங்கி 2016இல் முடிந்தபோது மேலும் 10 லட்சத்துக்கு மேல். மொத்தம் ஏறக்குறைய 88.5 லட்சம். 62,000 ஹெக்டேருக்கு மேல் நிலம் மக்களிடம் திரும்பியது. பிரெஞ்சுப் படை தன் வரைபடங்களைக் கொடுத்தது 2007 அக்டோபர் 20இல். போர் முடிந்து 45 வருடம். இரண்டாம் கட்டப் பணி தொடங்கியே மூன்று வருடம் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அரசுக் கணக்கில் 7,300 பேர். அதில் 2,470 பேர் விடுதலைக்குப் பிறகு.

---

கணக்கன்

புதைத்தது 1 கோடியே 10 லட்சம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 88.5 லட்சம் கழித்தால் இன்னும் 21 லட்சத்துக்கு மேல் மண்ணில் கிடக்கிறதா? அப்படியென்றால் 'முடிந்தது' என்று எப்படி அறிவித்தார்கள்?

---

முள்வேலி

அந்தக் கழித்தலைச் செய்யக் கூடாது, கணக்கன் சார். 1 கோடியே 10 லட்சம் என்பது மதிப்பீடு. அழித்தது எண்ணிய கணக்கு. மதிப்பீட்டிலிருந்து எண்ணிக்கையைக் கழித்தால் வருவது எதையும் குறிக்காது. போர்க்காலத்திலேயே கடக்க முயன்றவர்களாலும் ஆடுமாடுகளாலும் காட்டுத்தீயாலும் வெடித்தவை இருக்கின்றன. விடுதலைப் படையினரே பாதை திறக்க வெடிக்க வைத்தவையும் உண்டு.

கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை எண்ணிக்கையைக் கேட்பதில்லை, பரப்பைக் கேட்கிறது. 'கண்ணிவெடி இருப்பதாகத் தெரிந்த அல்லது சந்தேகிக்கப்பட்ட பகுதி எதுவும் மிச்சமில்லை' என்பதே நிபந்தனை. அல்ஜீரியாவுக்கு அந்த உடன்படிக்கை 2002 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பத்து வருடக் கெடு, பிறகு ஐந்து வருட நீட்டிப்பு, 2017 ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும். முடித்தார்கள். அதன் பிறகும் ஓடையோரத்தில் ஒன்றிரண்டு அகப்பட்டால் அது 'எஞ்சிய ஆபத்து' என்ற தனிக் கணக்கில் வரும். ராணுவத்தின் பொறியாளர் பிரிவு வந்து எடுக்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்த எச்சரிக்கைப் பாடத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

---

எல்லைப்புறம்

முள்வேலி சொன்ன வேலிக்கு இன்னொரு விளைவு உண்டு. மண்ணில் கிடந்ததைவிட அது ஆழமானது என்பேன்.

வேலி விடுதலைப் படையை இரண்டாக அறுத்தது. உள்ளே இருந்த மாகாணப் படைகளுக்கு, அதாவது விலாயாக்களுக்கு, ஆயுதம் வரவில்லை. 1959இல் தொடங்கிய ஷால் திட்டம் என்ற பிரெஞ்சுத் தாக்குதல் அவற்றை ஒவ்வொன்றாக நசுக்கியது. வெளியே துனிசியாவிலும் மொராக்கோவிலும் மாட்டிக்கொண்ட படை, உள்ளே நுழைய முடியாததாலேயே அழியாமல் வளர்ந்தது: சீருடை, கனரக ஆயுதம், பயிற்சி, ஒரே தலைமை. 1960 தொடக்கத்தில் பூமெதியென் அதன் பொதுத் தலைமையகத்துக்குத் தலைவரானார். தலைமையகம் துனிசிய எல்லையோரம் கார்திமாவில்.

1956 ஆகஸ்ட் 20இல் சூமாம் மாநாடு இரண்டு தீர்மானங்கள் போட்டிருந்தது. ராணுவத்துக்கு மேல் அரசியல், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மேல் உள்ளே போராடுபவர்கள். அதை முன்னின்று கொண்டுவந்த அபான் ரம்தான் 1957 டிசம்பரில் மொராக்கோவில் தம் தோழர்களாலேயே கொல்லப்பட்டார். 1962 கோடையில் தீர்மானம் தலைகீழானது. ஜூன் 30இல் விடுதலை முன்னணியின் இடைக்கால அரசு பூமெதியெனின் தலைமையகத்தைப் பதவிநீக்கம் செய்தது. உத்தரவை நடைமுறைப்படுத்த அந்த அரசின் கையில் படை இல்லை. எல்லைப்படை, முன்னணித் தலைவர்களில் ஒருவரான பென் பெல்லாவை முன்னிறுத்தி அல்ஜியர்ஸ் நோக்கி நகர்ந்தது. தடுத்த விலாயாக்களோடு சண்டை. 'ஏழு வருடம் போதும்' என்று மக்கள் தெருவில் இறங்கி இரு படைகளுக்கும் நடுவே நின்றார்கள். செப்டம்பரில் எல்லைப்படை தலைநகருக்குள் வந்தது. 1965 ஜூன் 19இல் அதிபராகியிருந்த பென் பெல்லாவையே பூமெதியென் கவிழ்த்தார். 2019 ஏப்ரலில் பதவி விலகிய அதிபர் பூத்தஃப்லிகாவும் அதே எல்லைப்படை வட்டத்திலிருந்து வந்தவர்தான். அந்த வருடம் ஊர்வலங்களில் இளைஞர்கள் அபான் ரம்தானின் படத்தைத் தூக்கிக்கொண்டு 'ராணுவ ஆட்சி வேண்டாம், குடிமக்கள் ஆட்சி வேண்டும்' என்று முழங்கியதற்கு இந்த வரலாறுதான் அடி.

இன்னொன்று, அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது: 1942 ஜூலைக்கு முன் பிறந்தவர் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டால் விடுதலைப் போரில் பங்கேற்றதை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவர், தம் பெற்றோர் விடுதலைக்கு எதிராகச் செயல்படவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

---

செம்மண்காடு

எல்லைப்புறம் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்க மாட்டேன். எல்லாவற்றையும் வேலி தீர்மானித்துவிடவில்லை. இடைக்கால அரசுக்குள்ளேயே பிளவு இருந்தது. சிறையிலிருந்து வந்த ஐந்து தலைவர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. விலாயாக்களிலும் சில எல்லைப்படையோடு சேர்ந்துகொண்டன. கட்டுக்கோப்பான படை ஒன்று மட்டுமே மிஞ்சியிருந்தது என்பது சரி.

நிலத்துக்கு வருகிறேன். குடியேறிகள் வைத்திருந்தது 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல், அதுவும் மித்திஜா, ஓரான், அன்னாபா சமவெளிகளின் முதல்தர மண். 1962 கோடையில் முதலாளிகள் ஓடியபோது அறுவடை வயலில் நின்றது. கூலியாட்கள் தாங்களே குழு அமைத்து அறுத்தார்கள், இலையுதிர்காலத்தில் உழுதார்கள். சட்டம் பின்னால்தான் வந்தது: 1963 மார்ச் ஆணைகள் இதைத் 'தன்மேலாண்மை' என்று அங்கீகரித்தன. அக்டோபரில் மிச்சமிருந்த குடியேறி நிலமும் அரசுடைமை. 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகளைச் சேர்த்துச் சுமார் 2,000 பெரும்பண்ணைகள் ஆக்கினார்கள்.

ஏன் தடுமாறியது? முதல் காரணம், தொழிலாளர் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பக்கத்திலேயே அரசு நியமித்த இயக்குநர் உட்கார்ந்தார். காசோலையில் கையெழுத்து அவருடையது. இரண்டாவது, விதை, கடன், விற்பனை மூன்றும் பண்ணைக்கு வெளியே அரசு அலுவலகங்களில். மூன்றாவது, நிரந்தரத் தொழிலாளி மட்டுமே உறுப்பினர். அறுவடைக்கு வந்த ஆயிரக்கணக்கான பருவக் கூலிகளுக்குக் குரலும் இல்லை, பங்கும் இல்லை. நான்காவது திராட்சை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்ஜீரியாதான் உலகிலேயே அதிக ஒயின் ஏற்றுமதி செய்த நாடு, வாங்கியது ஏறக்குறைய பிரான்ஸ் மட்டும். குடிக்காத மக்களின் நாட்டில் மூன்றரை லட்சம் ஹெக்டேர் அளவுக்குத் திராட்சைக் கொடி! பிரான்ஸ் வாங்குவதைக் குறைத்ததும் சோவியத் ஒன்றியம் மலிவு விலைக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டோலிட்டர் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. 1971 முதல் கொடிகளைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் கோதுமை போட்டால் ஆள் வேலை குறைகிறது. திராட்சை ஒரு ஹெக்டேருக்குக் கொடுத்த கூலிநாட்களைக் கோதுமை கொடுக்காது. சரிவில் வேரோடு பிடித்துவைத்திருந்த மண்ணும் கரைந்தது.

இப்போதைய நிலைதான் முக்கியம். 1987இல் பெரும்பண்ணைகளைச் சிறு குழுக்களாகவும் தனியாள் பண்ணைகளாகவும் உடைத்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 சட்டம் அதை 40 வருடச் சலுகை உரிமையாக மாற்றியது, புதுப்பித்துக்கொள்ளலாம். நம் வழக்கில் சொன்னால் பட்டா அரசின் பெயரில், அனுபோகம் உழவன் பெயரில். குழுவில் ஒருவர் இறந்தால் வாரிசுகள் ஒரே பிரதிநிதியைக் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஒத்துவராவிட்டால் பங்கு தொங்கும், கடனும் தொங்கும். அதற்குள் யாரோ ஒருவருக்கு வாய்மொழிக் குத்தகை. வாய்மொழிக் குத்தகைக்காரர் கிணறு தோண்ட மாட்டார், மரம் வைக்க மாட்டார். இரண்டு வருடத்தில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போவார். மித்திஜாவில் கான்கிரீட் ஏறுவதற்கு நகர நெருக்கடி ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று.

இதோடு இடப்பெயர்வையும் சேர்த்துப் பாருங்கள். போராளிகளுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவரைப் பிரெஞ்சுப் படை முகாம்களுக்கு நகர்த்தியது. அவர்களில் ஏராளமானோர் போர் முடிந்தும் திரும்பவில்லை. மந்தை போய்விட்டது, மலைச்சரிவின் படிக்கட்டுக் கழனிகள் சரிந்துவிட்டன, கிராமமே எரிந்திருந்தது. பல முகாம்கள் அப்படியே நிரந்தர ஊர்களாகின.

---

காரைத்துறை

குடியுரிமை பற்றி எழுதுகிறேன். இதில் நமக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

1954 நவம்பர் 1. அல்ஜீரியாவில் போர் தொடங்கிய நாள். அதே நாளில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறு வருடம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மண்ணை விட்டுக்கொடுக்கும் மசோதாவுக்கு அங்கே வாக்குக் கேட்க முடியாது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலையான கையோடு அதுவும் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்ட் 16இல் ஆவணப் பரிமாற்றம். புதுச்சேரியில் சட்டபூர்வ இணைப்பு நாள் அதுதான்.

இரண்டு இடத்திலும் ஒரே கோடையில் குடியுரிமை விதி அமலுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுச்சேரியில், அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராகிவிடுவர். வேண்டாமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். திருமணமாகாத, 18 வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தந்தையின் அறிக்கையே செல்லும். அங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி நேர்மாறு: பிரெஞ்சுக் குடியுரிமை தானாகவே தொடரும். சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலைபார்த்தவர்களின் குடும்பங்களில், அண்ணன் ஒரு நாட்டவர், தம்பி இன்னொரு நாட்டவர் ஆனது இந்த இரண்டு விதிகளின் நடுவில்தான்.

அல்ஜீரியாவில் 1962 ஜூலை 21 அவசரச் சட்டம். பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு, அதாவது ஐரோப்பியர், யூதர், தனிநபர் சட்டத்தைத் துறந்த மிகச் சில முஸ்லிம்கள் ஆகியோருக்கு, குடியுரிமை தானாகத் தொடர்ந்தது. உள்ளூர்த் தனிநபர் சட்டத்தின் கீழ் இருந்த மற்ற எல்லா முஸ்லிம்களும் பிரான்சுக்கு வந்து, அங்கே குடியிருந்து, நீதிபதி முன் அறிக்கை கொடுத்தால்தான் தொடரும். இந்த வழியும் 1967 மார்ச்சில் மூடப்பட்டது.

புதுச்சேரியிலும் 1881 ஆணைப்படி தனிநபர் சட்டத்தைத் துறந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் 1962இல் துறந்தவர், துறக்காதவர் என்று ஒப்பந்தம் பிரிக்கவில்லை. அல்ஜீரியாவில் அந்தப் பிரிவே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

---

புதுவாசகி

காரைத்துறை அண்ணா, ஹர்கிகள் பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள். அவர்களுக்கும் இதே விதிதானா? ஒரு அறிக்கை கொடுப்பதில் என்ன சிரமம் இருந்தது?

---

காரைத்துறை

அதே விதிதான், அம்மா. சிரமம் அறிக்கையில் இல்லை, கடலைத் தாண்டுவதில். ஹர்கிகள் துணைப்படையினர், நிரந்தரப் படைவீரர்கள் இல்லை. ஒப்பந்தக்கூலி போல எடுத்து, போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஆயுதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்பு செய்த செயலுக்காக யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எவியான் சொன்னது, ஆனால் ஹர்கி என்ற சொல் அதில் எங்கும் இல்லை, மீறினால் யார் கேட்பது என்றும் இல்லை. 1962 மே மாதம், எவியானில் கையெழுத்திட்ட அமைச்சர் ஜோக்ஸ், அனுமதி இல்லாமல் அதிகாரிகள் தாங்களாகவே ஹர்கிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவிட்டார். உத்தரவை மீறிச் சில அதிகாரிகள் தங்கள் ஆட்களைக் காப்பாற்றினார்கள். விடப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் அந்த வருடமே கொல்லப்பட்டார்கள்.

வந்து சேர்ந்தவர்களை ரிவ்சால்த், பியாஸ், சேன்-மோரிஸ்-லார்துவாஸ் போன்ற முகாம்களில் முள்வேலிக்குள் வைத்தார்கள். சிலரைக் காட்டுவேலைக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். முகாமுக்குள்ளேயே பள்ளி நடத்தியதால் பிள்ளைகள் பலர் ஊர்ப் பள்ளிக்கே போகவில்லை. சரியாக எழுதப் படிக்கத் தெரியாமலே வேலைச் சந்தைக்கு வந்தார்கள். அந்த இழப்பை எந்தத் தொகையும் ஈடுகட்டவில்லை என்றே நினைக்கிறேன். 2021 செப்டம்பர் 20இல் மக்ரோன் மன்னிப்புக் கேட்டார். 2022 பிப்ரவரி 23 சட்டம் 1962 மார்ச் 20 முதல் 1975 டிசம்பர் 31 வரை குறிப்பிட்ட முகாம்களில் இருந்த காலத்துக்கு இழப்பீடு தருகிறது. பட்டியலில் முகாமின் பெயர் இருக்க வேண்டும், இருந்த காலத்துக்குச் சான்று வேண்டும். நகரத்துக்கு நேராகப் போன குடும்பங்கள் இதற்குள் வருவதில்லை.

ஓய்வூதியமும் இப்படித்தான். பிரெஞ்சுப் படையில் முன்பு பணியாற்றிய, விடுதலைக்குப் பின் அல்ஜீரியக் குடிமக்களான பழைய வீரர்களின் ஓய்வூதியம் பழைய விகிதத்திலேயே உறையவைக்கப்பட்டது. பக்கத்தில் நின்று சண்டையிட்ட பிரெஞ்சுக்காரரின் தொகை ஏறிக்கொண்டே போனது. 2007இல் ஒரு பகுதியும் 2011இல் மிச்சமும் சமமாக்கப்பட்டன. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

---

பாலைக்காற்று

சொன்னபடி ஐந்து வருடத்தில் ஒப்படைத்தார்கள் என்று ஆவணப்பெட்டி ஐயா எழுதிய தளங்களைப் பற்றி. தேதி சரி. எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதைச் சேர்க்கிறேன்.

மொத்தம் 17 அணுச் சோதனைகள். ரெகான் அருகே ஹமூதியாவில் திறந்தவெளியில் நான்கு. முதலாவது 1960 பிப்ரவரி 13, சுமார் 70 கிலோடன். நான்காவது 1961 ஏப்ரல் 25, அல்ஜியர்சில் பிரெஞ்சுத் தளபதிகளின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில். ஹொக்கார் மலையில் இன் எக்கர் அருகே சுரங்கத்துக்குள் 13, 1961 நவம்பர் முதல் 1966 பிப்ரவரி வரை. 17இல் 11 விடுதலைக்குப் பிறகு, விடுதலை பெற்ற நாட்டின் மண்ணில். ஒப்பந்தம் தளங்களைப் பயன்படுத்தலாம் என்றது. அணு என்ற சொல்லை அது எழுதவில்லை, துப்புரவைப் பற்றியும் எழுதவில்லை.

சுரங்கச் சோதனை எப்படி அடங்க வேண்டும்? கருங்கல் மலைக்குள் கிடையாகச் சுரங்கம், கடைசிப் பகுதி சுருள் வடிவம். வெடியதிர்ச்சி, வாயுவும் உருகிய பாறையும் வருவதற்கு முன் சுருளை நொறுக்கி மூட வேண்டும். அடைப்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாமதித்தாலும் வழி திறந்தே இருக்கும். 1962 மே 1இல் பெரில் என்று பெயரிட்ட சோதனையில் அதுதான் நடந்தது. அடைப்பு தாங்கவில்லை, கதிரியக்க வாயுவும் உருகிய பாறையும் வாயில் வழியே வெளியே பாய்ந்தன. பார்க்க வந்திருந்த இரண்டு அமைச்சர்கள், மெஸ்மரும் பாலெவ்ஸ்கியும், மற்றவர்களோடு ஓட வேண்டியிருந்தது. அந்த உருகுபாறை இறுகி இன்றும் மலையடிவாரத்தில் கிடக்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழு 1999இல் போய் அளந்தது. பெரும்பகுதியில் அளவு குறைவு, கவலைக்குரிய சில இடங்களில் இந்த உருகுபாறை முக்கியமானது என்பது 2005இல் வந்த அறிக்கையின் சாரம்.

சராசரி குறைவு என்பதை வைத்து ஆறுதல் அடையக் கூடாது. நாடோடிக் குடும்பம் சராசரியில் வாழ்வதில்லை. நிழல் கிடைக்கும் இடத்தில், மலையடிவாரத்தில்தான் கூடாரம் போடும். பிரெஞ்சுப் படை போகும்போது வாகனம், கம்பி, கருவி எல்லாவற்றையும் மணலில் புதைத்தது. பாலையில் செம்புக்கம்பியும் இரும்பும் காசு. தோண்டி எடுத்தார்கள், உருக்கினார்கள், வீட்டுப் பாத்திரமாகவும் கூரையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அந்த உலோகம் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று இனி யாராலும் பின்தொடர முடியாது.

2010 ஜனவரி 5 மோரென் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருகிறது. நிபந்தனை மூன்று: சட்டத்தில் குறித்த இடத்தில், குறித்த காலத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும், பட்டியலில் உள்ள நோய் வேண்டும். ரெகானுக்கு 1960 பிப்ரவரி 13 முதல், இன் எக்கருக்கு 1961 நவம்பர் 7 முதல், இரண்டுக்கும் 1967 முடிவு வரை. படைவீரரிடம் பணிப்பதிவேடு இருக்கும். ஒட்டகத்தோடு நடந்த தவாரெக் நாடோடியிடம் குடியிருப்புச் சான்று எங்கிருந்து வரும்? நோய்க்கான மருத்துவப் பதிவும் அன்று அங்கே இல்லை. அல்ஜீரியர்களில் இழப்பீடு பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

---

ஆவணப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. என் முதல் பதிவில் ஒரு ஓட்டை இருந்ததை நானே சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுதி நின்றது இன்னொன்றும் உண்டு: பொதுமன்னிப்பு. 1962 மார்ச் 22 ஆணைகள், பிறகு 1968 ஜூலை 31 சட்டம். சித்திரவதைக்காக ஒரு பிரெஞ்சு அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை. சித்திரவதை செய்ததையும் கொன்றதையும் தானே எழுதி வெளியிட்ட தளபதி ஓசாரெசுக்கு 2002இல் கிடைத்தது 7,500 யூரோ அபராதம், அதுவும் போர்க்குற்றத்தை நியாயப்படுத்தி எழுதியதற்கு. செயலுக்கு மன்னிப்பு, எழுத்துக்குத் தண்டனை. பொதுமன்னிப்பின் சட்ட விளைவு அப்படித்தான் அமையும்.

பிரான்சிலும் நின்றவை உண்டு. நான்காம் குடியரசு என்ற அன்றைய ஆட்சியமைப்பை 1958 மே மாதம் விழவைத்தது அல்ஜியர்சில் எழுந்த கிளர்ச்சி. இன்றைய அரசமைப்பு அதன் பிள்ளை. 1955 ஏப்ரல் 3 நெருக்கடிநிலைச் சட்டம் அல்ஜீரியாவுக்காக இயற்றியது. 2005 புறநகர்க் கலவரத்திலும் 2015 பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகும் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அங்கே நடந்தது 'போர்' என்று சட்டத்தில் எழுதவே 1999 அக்டோபர் வரை ஆனது.

ஆவணங்களையும் பிரித்தார்கள். அன்றாட நிர்வாகக் கோப்புகள் அல்ஜீரியாவில் இருந்தன. ஆட்சியுரிமை சார்ந்தவை என்று கருதியவை பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சுக்குப் போயின. அதனால் ஒரு நிலத்தின் அல்லது ஒரு குடும்பத்தின் கதையைத் தேடுபவர் இரண்டு கரைகளிலும் தேட வேண்டியிருக்கிறது.

முள்வேலி, உங்களிடம் ஒரு கேள்வி. சகாராவின் புதைகுழி வரைபடத்தை அல்ஜீரியா கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2021இல் தளங்களைத் துப்புரவு செய்ய ஒரு தனி முகமையும் அமைத்திருக்கிறது. வரைபடம் வந்தால் மட்டும் போதுமா?

---

முள்வேலி

போதாது, ஐயா. கண்ணிவெடி வரைபடத்தில் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வகை, எத்தனை என்று இருந்தால் வேலை தொடங்கலாம். வெடி வெடித்ததும் அந்த இடம் முடிந்தது. கதிரியக்கப் பொருள் அப்படி முடிவதில்லை, தோண்டினால் இன்னொரு இடத்தில் வைத்தாக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு குழிக்கும் இத்தனையும் வேண்டும்: இடம், எந்த அடையாளத்திலிருந்து அளந்தது, அன்றைய ஆழம், புதைத்த தேதி, எந்தச் சோதனையில் பயன்பட்ட பொருள், மூடும்போது அளந்த கதிர்வீச்சு. இடக்குறிப்பு அன்றைய பிரெஞ்சு ராணுவ வரைபடக் கட்டத்தில் இருக்கும். அதை இன்றைய செயற்கைக்கோள் அளவைக்கு மாற்றும்போது எந்த அடிப்படையில் மாற்றினார்கள் என்று எழுதாவிட்டால் பல நூறு மீட்டர் தள்ளிப்போகும். மணலில் அது வேறு குழி. அதற்கு முன், ஏற்கெனவே தோண்டி எடுக்கப்பட்ட குழிகள் எவை என்று அங்கே ஆடு மேய்க்கும் முதியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லிப் பதிய வேண்டும். 1967இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பது நெருங்கிவிட்டது. பாரிஸிலிருந்து தாள் வரும்வரை அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.